வளைவில் பின் டயர் நழுவுகிறது, எதைப் பார்ப்பது?

தாப்பாவில் இருக்கிறேன், மோட்டார் கவாசாகி இசட் 1000. கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டுக்கு ஏறும் வழியில், வளைவு முடியும் இடத்தில் த்ராட்டிலைத் திறந்தால் பின்பக்கம் வெளியே தள்ளுகிறது. டயரில் பூ (மேல்பள்ளங்கள்) இன்னும் இருக்கிறது, காற்றும் 42 பிஎஸ்ஐ. நேற்று நிஜமாகவே பயந்துவிட்டேன். டயரை மாற்றவா, சஸ்பென்ஷனைப் பார்க்கவா?

பதில் 1:
தம்பி, காற்றை எப்போது அளந்தாய்? 42 என்பது ஆறிய டயருக்கு. எண்ணெய் நிலையம் வரை ஓட்டிப் போய்ச் சூட்டோடு 42 வைத்தால், ஆறியதும் குறைந்துவிடும், டயர் நெளியும். அப்புறம் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படி, 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பூ இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிவிட்டால் பிடிக்காது.

பதில் 2:
நெடுஞ்சாலையில் தினமும் ஈப்போ போய் வருகிறீர்களா? டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தால், சாய்க்கும்போது அந்த விளிம்பைத் தாண்டிச் சட்டென்று விழும், அதுவும் நழுவுவது போலத்தான் இருக்கும்.

கேட்டவர்:
4118 அண்ணே. சூட்டோடுதான் அளந்திருக்கிறேன்.

பதில் 1:
அப்படியென்றால் மாற்றிவிடு, யோசிக்காதே. கூடவே ரிபவுண்டையும், அதாவது அழுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தையும் பார்: சீட்டை அழுத்தி விட்டால் மிக மெதுவாக எழுகிறதா? அப்படியானால் இறுக்கம் அதிகம், மேடுபள்ளம் தொடர்ந்து வரும்போது சக்கரம் கீழே இறங்க நேரமில்லாமல் ரோட்டை விட்டுவிடும். புது டயரை முதல் 100 கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டு. தோட்டத்துச் சந்திப்புகளில், செம்பனை லாரி இறக்கிவிட்ட மண் மழையில் நனைந்திருந்தால் எந்த டயரும் பிடிக்காது, தம்பி.