முள்ளுக்கும் காற்றுக்கும் தாங்கும்படி காற்றுப்படகை என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்க் கண்மாயில் குத்தகைதாரரின் அனுமதியோடு, விலை மலிவான காற்றுப்படகில் (காற்றடித்து உப்பவைக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் படகு) விரால் பிடிக்கிறேன். கரையிலிருந்து தூண்டில் எட்டாத தாமரை இலைகளுக்கு நடுவில்தான் பெரிய விரால் கிடக்கிறது. தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை இலைமேல் தத்தவிட்டு இழுத்தால், நீரைப் பிளந்துகொண்டு வந்து கவ்வும். அந்த ஒரு நொடிக்காக எத்தனை மணி நேரமும் காத்திருக்கலாம்!

ஆனால் நீருக்குள் நிற்கும் சீமைக்கருவேல முள் படகின் அடியைக் குத்திவிடுகிறது. சைக்கிள் டியூப் ஒட்டும் பசை பி.வி.சி.யில் பிடிப்பதே இல்லை, உரிந்து வருகிறது. எந்தப் பசை நிற்கும்? அடியில் தார்ப்பாய் கட்டியவர்கள் இருக்கிறீர்களா? துடுப்பு போடச் சிரமமாக இருக்குமா?

இன்னொன்று, லேசான காற்றுக்கே படகு சுழல்கிறது. மணல் மூட்டையை நங்கூரமாக ஒரு முனையில் மட்டும் இறக்கினால் போதுமா, இரு முனையிலும் வேண்டுமா? லைஃப் ஜாக்கெட் எப்போதும் அணிகிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.