குதிரைக் குட்டிக்குக் கால் மூட்டு வீங்கினால்: உங்கள் அனுபவம் என்ன?

மேலூர்க்காரன்:
எங்கள் சித்தப்பா பந்தய வண்டிக்கென்றே குதிரை வளர்ப்பவர். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஓர் ஆண் குட்டியைப் பிடித்து வந்தார். பால் மறந்த குட்டி, ஐந்து மாதம் இருக்கும். கூடப் போன பெரியவர்கள் சுழி சுத்தமா என்று அரை மணி நேரம் தடவிப் பார்த்தார்கள். கால் பக்கம் ஒருவரும் குனியவில்லை.

ஊருக்கு வந்ததும் ராஜ கவனிப்பு. காலையில் ஒரு வாளி கோதுமைத் தவிடு, ஊறவைத்த கொள்ளு, சாயங்காலம் மக்காச்சோள மாவு. குட்டி மளமளவென்று வளர்ந்தது. ஆவணி கடைசியில் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டு உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. மேலேயும் கீழேயும் எலும்பு பருத்து, நடுவில் ஒடுங்கி. காலையில் எழுப்பினால் விறைத்து விறைத்து நடக்கும். ஆளாளுக்குச் சுளுக்கு எண்ணெய் சொன்னார்கள். மருத்துவர் வந்து மூட்டுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்தியதும் குட்டி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. தொட்டால் சூடு. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு நீளும் வளர்ச்சித் தகட்டில் அழற்சி என்றார். தவிடு, மாவு இரண்டையும் நிறுத்தி, காய்ந்த புல்லும் குதிரைமசால் தழையும் போடச் சொன்னார். பைக் பின்னால் கட்டித் தார் ரோட்டில் ஓட்டுவதற்கும் தடை. சித்தப்பாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்! கார்த்திகைக்குள் நடை சீராகிவிட்டது. மூட்டு இன்னும் கொஞ்சம் தடிப்புதான்.

உசிலம்பட்டி லாயம்:
அண்ணே, தவிடுதான் முதல் எதிரி. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் எட்டுப் பத்து மடங்கு இருக்கும். வளரும் குட்டிக்குக் கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும், பாஸ்பரஸ் ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு என்கிற கணக்கில். தவிட்டால் அது தலைகீழாகிறது. ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்று பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி எடுக்க ஆரம்பித்துவிடும். ரொம்ப முற்றினால் முகத்து எலும்பே உப்பிப் போகும். எங்கள் ஊரில் ஒரு பெண் குதிரைக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் அப்படிப் புடைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கம்பு நேப்பியர். மாட்டுக்கு நட்டு வைத்திருக்கும் கோ 4, கோ 5 புல்லையே குதிரைக்கும் அறுத்துப் போடுகிறோம். அதில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். மாட்டுக்கு முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. நான் இப்போது பாதிக்குப் பாதி வேலிமசால் தழை கலந்துதான் போடுகிறேன்.

திருமங்கலம் கால்நடை டாக்டர்:
இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் கால்சியத்தோடு கதை முடிவதில்லை. ஒரே வேளையில் மாவுச்சத்தை வாளி நிறையக் கொடுத்தால் இன்சுலின் எகிறும். ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கூடும், தைராய்டு ஹார்மோன் அளவும் ஆட்டம் காணும். மூட்டு முனையில் இருக்கும் குருத்தெலும்பு முற்றி எலும்பாக வேண்டிய நேரத்தில் இந்தக் குழப்பம் நடந்தால், அது எலும்பாகாமல் தடித்தே நின்றுவிடும். சில குட்டிகளில் ஒரு துண்டு பெயர்ந்தும் வரும். இந்தக் குருத்தெலும்பு நோயைத்தான் சுருக்கமாக ஓ.சி.டி. என்பார்கள். பின்னங்காலின் நடு மூட்டு மெத்தென்று வீங்கியிருக்கும், பெரிதாக நொண்டாது; அதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு, தீவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் தாமிரம். குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதி தாமிரம் இல்லாமல் வேலை செய்யாது. தாய்ப்பாலில் தாமிரம் குறைவு. சினையின் கடைசி மூன்று நான்கு மாதங்களில் தன் ஈரலில் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் குட்டி காலம் தள்ளும். நியூசிலாந்தில் 1990களில் செய்த ஆய்வில், சினைக் குதிரைக்குத் தாமிரம் கொடுத்தபோது பிறந்த குட்டிகளுக்கு இந்த வளர்ச்சித் தகட்டு வீக்கம் குறைந்தது. குட்டிக்கே கொடுத்ததில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே குட்டி வீங்கிய பிறகு டானிக் பாட்டில் வாங்குவதைவிட, அடுத்த ஈற்றுக்குத் தாயைக் கவனிப்பது மேல். துத்தநாகம் அளவுக்கு மீறினாலும் தாமிரம் உடம்பில் சேராது.

மேலூர்க்காரன்:
டாக்டர் சார், மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவை வீட்டில் இருக்கிறது. அதையே போடலாமா?

திருமங்கலம் கால்நடை டாக்டர்:
பையில் என்னென்ன எவ்வளவு என்று போட்டிருக்கும், படம் எடுத்து இங்கே போடுங்கள். குட்டியின் எடையைப் பார்த்து அளவு சொல்கிறேன். கோழித் தீவனமும், மொனென்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத் தீவனமும் மட்டும் லாயத்துப் பக்கமே வரக் கூடாது. கொஞ்சம் தின்றாலும் குதிரைக்கு இதயத் தசை கெட்டுவிடும்.