மறு: ஃப்ளை ஃபிஷிங் – ‘ஈ’ வேண்டாமே

> ‘ஈ மீன்பிடிப்பு’ என்று நேராகவே போட்டுவிடலாம், பொருள் புரிகிறதே.

புரியவில்லை ஐயா, அதுதான் சிக்கல். இறகும் ரோமமும் கட்டிய தூண்டில் முள்ளை (‘ஃப்ளை’) வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கு நம் சொற்பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம், அதில் ‘ஈ’ வந்தால் இப்படித்தான் ஆகும். போன வாரம் அம்மாவிடம் ‘ஈ மீன்பிடிக்கப் போயிருந்தேன்’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘அந்தக் குளிர்லயுமா மீனை ஈ மொய்க்குது?’ என்று கேட்டார்.

போனது எங்கள் கிளப்போடு, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பத்தில் இருக்கும் குவினால்ட் ஆற்றுக்கு. குவினால்ட் ஏரிக்குக் கீழே, டஹோலாவில் கடலைச் சேரும்வரை அது குவினால்ட் பழங்குடி மக்களின் நிலத்துக்குள் ஓடுகிறது. வெளியாள் தன்பாட்டுக்குப் போய்த் தூண்டில் போட முடியாது, அவர்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கூட வரவேண்டும். நியாயம்தானே, அவர்கள் ஆறு. பிப்ரவரி மாதம், தேடிப் போன மீன் ஸ்டீல்ஹெட். (இதை யாரும் ‘எஃகுத்தலை’ ஆக்கிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கிறார்களே ரெயின்போ ட்ரௌட், அதே இனம்தான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட மறுபடி ஆறேறி வந்தால் ஸ்டீல்ஹெட்.)

வழிகாட்டி என் கையில் கொடுத்த ‘ஃப்ளை’யை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுண்டுவிரல் நீளம், கத்தரிப்பூ நிறத்தில் நெருப்புக்கோழி இறகு, நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு கொத்து, வால்பக்கம் ஒரு நூல் வளையத்தில் தொங்கும் ஒற்றை முள். உலகத்தில் எங்கேயும் அப்படி ஒரு ஈ கிடையாது.

‘பூச்சித்தூண்டில்’ என்று அக்கா சொன்னதும் சரிவராது. அதைக் கேட்டதும் நம் ஆள் பூச்சியையோ மண்புழுவையோ முள்ளில் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவான், இதில் கூடவே கூடாதது அதுதான். ‘போலி இரை’ ஓரளவு பரவாயில்லை, ஆனால் ரப்பர் மீன், தகடு எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் அந்த ‘இரை’. குளிர்காலத்தில் ஆறேறும் ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை, கடலில் சேர்த்த கொழுப்பில்தான் காலம் தள்ளுகிறது. எரிச்சலில் கடிக்கிறது என்கிறார்கள், பசியில் இல்லை. பக்கத்திலேயே ஹோ, போகஷீல் ஆறுகளில் அண்மைக் குளிர்காலங்களில் மாநில விதி என்னவென்றால், இரை கூடாது, உள்நாக்கு (மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்க்கூர்) இல்லாத ஒற்றை முள்தான். இதைத் தமிழில் எழுதி ‘இரை கூடாது, போலி இரை போடலாம்’ என்றால் படிக்கிறவர் கதி என்ன?

அதனால் என் யோசனை: இறகுமுள். முள் என்பது தூண்டில்காரர்கள் ஏற்கெனவே சொல்லும் சொல், ‘முள் கட்டுவது’ என்ற வினையும் கையிலேயே இருக்கிறது. ஆக இறகுமுள் கட்டலாம், இறகுமுள் தூண்டில் போடலாம், இறகுமுள் பெட்டியைக் காரிலேயே மறந்துவிட்டும் வரலாம் (வந்தேன்).

— சியாட்டிலிலிருந்து

———

கோவை ஐயா எழுதியது:

தம்பி, மூன்று நாள் போய் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை என்று முந்தின மடலில் எழுதியிருந்தாய். அப்படியானால் நீ ஈ ஓட்டத்தான் போயிருக்கிறாய், என் சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு சந்தேகம். முயல் ரோமத்தில், மான் வால் மயிரில் மட்டுமே கட்டுவதும் உண்டு என்கிறாய். இறகே இல்லாததற்கு இறகுமுள்ளா? அடுத்தது, சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது, இதில் கனமான கயிறு எடையே இல்லாத முள்ளைச் சுமந்து போகிறது, வித்தையே அதில்தான் என்று நீயே விளக்கினாய். அப்புறம் பெயர் கயிற்றிலிருந்து பிறக்க வேண்டாமா? இறகுதான் வேண்டும் என்றால் ‘பீலித்தூண்டில்’ என்று வை. மயில் தோகையும் கட்டுகிறார்களாமே, காதுக்கும் நன்றாக இருக்கிறது.

———

ஈ ஓட்டியது உண்மை ஐயா, ஒத்துக்கொள்கிறேன்.

முதல் சந்தேகத்துக்கு என் பதில் எண்ணெய். எள்ளின் நெய்தான் எண்ணெய், ஆனாலும் தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்றுகூடச் சொல்லிக் கூசாமல் அடுப்பில் ஊற்றினோம். பெரும்பாலானவை இறகு, பெயர் அதிலிருந்து வந்தால் போதும், முயல் ரோமம் கோபித்துக்கொள்ளாது. பீலி அழகுதான், ஆனால் மயிலைத் தாண்டி மனம் போகாது. கயிற்றை வீச்சுக்கு வைத்துக்கொள்வோம், காஸ்டிங் என்ற இடத்திலெல்லாம் ‘கயிறு வீச்சு’ என்று போட்டுப் பார்த்தேன், இடறவில்லை. ஸ்பே, ஸ்காஜிட் என்ற வீச்சு வகைகளை மட்டும் தொட வேண்டாம். முன்னது ஸ்காட்லாந்து ஆறு, பின்னது இங்குள்ள ஆறு. பத்தமடைப் பாய் மாதிரி ஊர்ப்பெயராகவே இருக்கட்டும்.

இன்னொன்று, சொற்பட்டியலில் ‘வின்டர் ரன்’னுக்கு (குளிர்காலத்தில் மீன் கடலிலிருந்து ஆறேறி வருவது) யாரோ ‘குளிர்கால ஓட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஏற்றம். புதுத்தண்ணீர் வந்தால் ஓடையில் கெளுத்தி ஏறுவதைப் பார்த்தவர்கள் ‘மீன் ஏறுது’ என்றுதான் சொல்வார்கள்.

முதல் மடலில் எழுத மறந்தது: இரண்டாம் நாள் காலை கோலின் வளையங்களில் பனிக்கட்டி கட்டிக்கொண்டது. பதின்மூன்று அடிக் கோல், அதை ஆற்றில் முக்கி முக்கிக் கரைத்து, கயிற்றைக் குறுக்கே வீசி, அது நீரோட்டத்தில் அரைவட்டமாகக் கரைக்கு வரும்வரை காத்திருந்து, கூழாங்கல் திட்டில் ஓரடி நகர்ந்து, மறுபடி வீசி. ஒரே ஒருதரம் பாதி வட்டத்தில் கயிறு நின்றது. விரலில் ஓர் இழுப்பு, இன்னொன்று, அப்புறம் தண்ணீர்தான். சுற்றி எடுத்துப் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் பாதியைக் காணோம், முள் அப்படியே இருந்தது.