எக்சென்ட்ரிக் கான்ட்ராக்ஷனுக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஆய்வாளர், சென்னை:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பல்கலைக்கழகத்தில் உயிரி இயக்கவியல் ஆய்வு செய்கிறேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கான உடற்பயிற்சி ஆய்வு ஒன்று தொடங்கப் போகிறோம். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் கொடுத்த பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம்) நெறிமுறை. வெள்ளிக்கிழமை அந்தத் தாள் நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, ஒரே சொல்லில் நிற்கிறது: எக்சென்ட்ரிக் கான்ட்ராக்ஷன்.

நாற்காலியிலிருந்து எழும்போது முன்தொடைத் தசை குறுகிக்கொண்டே வேலை செய்கிறது. மெல்ல உட்காரும்போதும் அதே தசைதான் வேலை செய்கிறது, ஆனால் நீண்டுகொண்டே. அது பிடித்துக்கொள்ளாவிட்டால் பொத்தென்று விழுவோம். இந்த இரண்டாவதற்குத்தான் பெயர் கேட்கிறேன். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் 'புறமையச் சுருக்கம்' என்று இருந்தது. ஆய்வகத்துக்கு வந்த ஓர் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "சுருக்கம்னா தோல் சுருங்கிப் போயிடுமா கண்ணு?" என்று கேட்டார்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அம்மா, 'சுருக்கம்' என்ற சொல்லை அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம். சுரி, சுருள், சுருங்கு, சுருக்கு எல்லாம் ஒரே குடும்பம். வளைதல்தான் அடிப்படை, சங்குக்குச் சுரிமுகம் என்று பேர் வந்தது அதனால்தான். சுருக்குப் பையை எண்ணிப் பாருங்கள். நூலை இழுத்தால் பையின் வாய் இறுகுகிறது, நூல் குட்டையாவதில்லை. ஆகவே சுருக்கு என்பதில் இறுக்கமே முதற்பொருள், குறுகல் பின்னால் வந்தது என்பது என் துணிபு. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று, அதாவது சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று, தொல்காப்பியர் சொன்னதையும் மறக்கக் கூடாது. வேண்டுமானால் 'நெகிழ்' என்று முன்னால் சேர்த்து 'நெகிழ்சுருக்கம்' எனலாம். தலைவியின் தோளிலிருந்து வளை நெகிழ்வதைச் சங்கப் பாடல்கள் எத்தனை இடத்தில் சொல்கின்றன!

இயன்முறை மருத்துவர், மதுரை:

ஐயா, வணக்கம். வளை நெகிழ்வது தோள் மெலிந்ததால். அங்கே வளையை யாரும் பிடித்து நிறுத்தவில்லையே. எங்களுக்கு வேண்டியது பிடித்துக்கொண்டே நெகிழ்வது. அதோடு, 'நெகிழ்வு' என்றால் எங்கள் துறையில் உடம்பு வளைந்து கொடுக்கும் தன்மை. பேப்பரில் 'நெகிழி' என்றால் பிளாஸ்டிக். மூன்றாவது பொருளையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே 'தசைநார்' என்று ஒரு புத்தகம் தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனைச் சொல்கிறது, இன்னொன்று எலும்பை எலும்போடு இணைக்கும் லிகமென்டைச் சொல்கிறது. மாணவர்கள் தவிக்கிறார்கள்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

நாங்கள் பௌதிகவியலில் டென்ஷனை 'இழுவை' என்று படித்தோம். தசை குறுகினால் என்ன, நீண்டால் என்ன, இழுவை இருக்கிறதுதானே. ஆகவே 'நீளிழுவை', 'குறுகிழுவை'. இரண்டும் நல்ல வினைத்தொகை. மையமும் வேண்டாம், புறமும் வேண்டாம்.

ஆய்வாளர், சென்னை:

யாழ்ப்பாணத்து அண்ணா, 'நீளிழுவை' பிடித்திருக்கிறது. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் பெடலைத் தடுக்க வேண்டும். விசை இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகக் குறைவு. அவர்கள் அதை 'எதிர்மறை வேலை' என்றார்கள். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் அஸ்முசன் 'எக்சென்ட்ரிக்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். மையத்தை விட்டு விலகுவது என்று பொருள். 1988-இல் பீட்டர் கேவனா, நீளும் தசையைப் போய் 'கான்ட்ராக்ஷன்' (சுருக்கம்) என்பது முரண், 'ஆக்ஷன்' (வினை) என்று மாற்றுங்கள் என்று எழுதினார். ஆங்கிலத்திலேயே ஒட்டாத சொல்லை நாம் எழுத்துக்கு எழுத்து பெயர்த்து வைத்திருக்கிறோம்!

சொல் தவறினால் சிகிச்சையும் தவறும். குதிகால் தசைநாண் (டெண்டன்) வலிக்குச் சுவீடனில் ஆல்ஃபிரெட்சன் குழு 1998-இல் வெளியிட்ட பயிற்சியில் நல்ல காலால் எழும்ப வேண்டும், நோகிற காலால் மெல்ல இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரம். இறங்குவதுதான் மருந்து. தாளில் 'சுருக்கம்' என்று மட்டும் போட்டால், படிப்பவர் நோகிற காலால் எம்பி எம்பிக் குதிப்பார்.

இயன்முறை மருத்துவர், மதுரை:

'நீளிழுவை' என்றால் என் நோயாளிகள் ஸ்ட்ரெட்ச்சிங் என்றுதான் நினைப்பார்கள். இழுத்து நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நான் தினமும் என்ன சொல்கிறேன் தெரியுமா? "அம்மா, பொத்துனு உக்காராதீங்க, விட்டுப் பிடிச்சு உக்காருங்க." யாருமே திருப்பிக் கேட்டதில்லை. 'விட்டுப்பிடி' என்றே வைத்தால் என்ன? அப்போது மூன்றும் வரிசையாக அமைகின்றன: குறுகும்போது 'இழுத்துப்பிடி', அசையாமல் தாங்கும்போது 'நிலைப்பிடி', நீளும்போது 'விட்டுப்பிடி'.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்தவனுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. காற்று இழுக்க இழுக்க நூலை விடுவோம், ஆனால் கை தளராது. விட்டபடியே பிடிப்பது. தசை செய்வதும் அதுதான்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, மக்கள் வழக்கில் 'தசை பிடித்துக்கொண்டது' என்றால் சுளுக்குப் போன்ற நோவு. பயிற்சிக்குப் 'பிடி' என்று பேர் வைத்தால் நோயாளி பயப்பட மாட்டாரா? இரண்டாவது, 'விட்டு' என்ற வினையெச்சம் முதலில் விடு, பிறகு பிடி என்று முன்பின்னாக நிற்கிறது. இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மூன்றாவது, கலைச்சொல்லிலிருந்து பெயரடை, வினை எல்லாம் பிறக்க வேண்டும். 'விட்டுப்பிடிப் பயிற்சி' சரி. 'விட்டுப்பிடி விசைத்திறன் குறைபாடு' என்று ஆய்வேட்டில் எழுதுவார்களா?

ஆய்வாளர், சென்னை:

ஐயா, 'பிடிப்பு' பற்றி நீங்கள் சொன்னது என்னை இரவு முழுக்க யோசிக்க வைத்தது. இந்தப் பயிற்சியால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் தசை வலி வரும் என்பது உண்மை. பழனி மலை ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கி வந்த மறுநாள்தான் தொடை வலிக்கும். இறங்கும்போது தொடைத் தசை முழுக்க விட்டுப்பிடிதான். அதனால் அந்த வலியைத் தாளில் தனிப் பத்தியாக, மறைக்காமல் எழுதிவிட்டேன்.

வினையெச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. 'சிரித்துப் பேசினாள்' என்றால் முதலில் சிரித்து முடித்து, பிறகு பேசினாள் என்றா பொருள்? இரண்டும் சேர்ந்துதானே.

நேற்று அந்த அம்மாவுக்கு மறுபடியும் படித்துக் காட்டினேன். "விட்டுப்பிடி: தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவது. படி இறங்கும்போதும் மெல்ல உட்காரும்போதும் உங்கள் தொடை இதைத்தான் செய்கிறது." அவர் எழுந்து நின்று, நாற்காலியின் கையைத் தொடாமல், ஐந்து விநாடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து காட்டினார். தாள் இன்று மதியம் போகிறது. ஆய்வேட்டுக்கு 'நீள்தசை வினை' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'சிரித்துப் பேசினாள்' நல்ல சான்று, ஏற்கிறேன். தாள் போகட்டும், அந்த அம்மாவின் கால் நலமாகட்டும். ஆனால் ஒரே பொருளுக்கு நோயாளிக்கு ஒரு சொல், ஆய்வாளருக்கு ஒரு சொல் என்று பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. 'சுருக்கு' குறித்து இன்னும் இரண்டு சான்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.