மடலின் தலைப்பு: புல்லா: கொப்புளமா, குமிழியா, மொக்குளா?

*தஞ்சாவூர்:*
நுரையீரல் நோயாளிகளுக்கான கையேடு திங்கட்கிழமை கும்பகோணத்து அச்சகத்துக்குப் போகிறது. 'புல்லா' மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. நுரையீரலுக்குள் 1 செ.மீ.க்கு மேல் அகன்று, 1 மி.மீ.க்கும் மெல்லிய சுவர் கொண்ட காற்றறை அது. 'கொப்புளம்' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த நோயாளி ஒருவர், "உடைத்துவிட்டால் நீர் வடிந்துவிடுமா?" என்று கேட்டார்.

*திருவையாறு:*
குமிழிக்கு மொக்குள் என்ற பழஞ்சொல் இருக்க என்ன கவலை? நாலடியார் உடம்பையே 'படுமழை மொக்குள்' என்கிறது. இலத்தீனில் புல்லா என்றாலும் நீர்க்குமிழிதான். கொப்புளம், பொக்குளம் இரண்டும் தசை சதையானதுபோல் எழுத்து இடம் மாறியவை. பொக்குள் என்றால் கொப்பூழ், இன்னும் தோண்டினால்...

*மன்னார்குடி:*
ஐயா, கொப்பூழ்வரை இறங்கிவிட்டீர்கள். நோய் மார்பில் இருக்கிறது. மொக்குள் என்றால் எங்கள் பக்கம் மல்லிகை மொக்கைத்தான் நினைப்பார்கள். 'பதர்ப்பை' என்று வையுங்கள். பதரும் வெளியே நெல்தான், உள்ளே காற்று. குறுவை அறுத்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

*தஞ்சாவூர்:*
ஒருவர் நெஞ்சில் பதர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொப்புளத்தையும் நானே திரும்பப் பெறுகிறேன். கொப்புளத்தில் நீர் இருப்பது இயல்பு, புல்லாவுக்குள் சி.டி. ஸ்கேனில் நீர்மட்டம் தெரிந்தால் அது தொற்று, அரிதாக இரத்தக்கசிவு. சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தால் புற்றுநோயைத் தேடுகிறோம். இன்னொரு தொல்லை: மார்பின் ஒரு பக்கத்தில் மூன்றிலொரு பங்கை அடைத்த ராட்சத புல்லா, எக்ஸ்ரேயில் நுரையீரலுக்கு வெளியே கசிந்த காற்றுபோலவே தெரியும். அதை நம்பி, காற்றை வெளியேற்றக் குழாய் செருகினால் புல்லாவையே துளைத்துவிடும். சி.டி.யில் சுவரின் இருபுறமும் காற்று இருந்து, அந்தச் சுவர் மார்புச்சுவருக்கு இணையாக ஓடினால்தான் வெளியிலும் காற்று உண்டு என்று சந்தேகிக்கிறோம். ஆகவே பெயரிலேயே 'காற்று' வேண்டும்.

*திருவையாறு:*
எக்ஸ்ரேயா? ஊடுகதிர் எங்கே போயிற்று?

*மயிலாடுதுறை:*
அது வேறு மடலுக்கு. காற்றுக்குமிழி என்றால் என் அம்மாவுக்கும் புரியும். நுரையீரல் உறையை ஒட்டிய சின்னதற்குக் 'குறுங்குமிழி'.

*மன்னார்குடி:*
குமிழி தானாக மறைந்துவிடும். புல்லா மறையுமா? பதர்தான் பதராகவே கிடக்கும்.

*தஞ்சாவூர்:*
நியாயம்தான். ஆனாலும் நால்வரில் இருவர் காற்றுக்குமிழி பக்கம். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு சொல். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

*திருவையாறு:*
அடைப்புக்குறிக்குள்ளாவது மொக்குள் உண்டா?