சாலை மாரத்தானிலிருந்து மலைப்பாதை 42 கி.மீ.: நேரக் கணக்கும் பயிற்சியும்?

அடையாறு ஓட்டம்:
தார் ரோட்டில் ஃபுல் மாரத்தான் 4 மணி 15 நிமிடத்தில் முடிக்கிறேன். அடுத்து சிக்மகளூர் பக்கம் காப்பித் தோட்டப் பாதையில் 42 கி.மீ. டிரெயில், மொத்த ஏற்றம் 1,800 மீட்டர், கட்-ஆஃப் (அதற்குள் முடிக்க வேண்டிய நேரம்) 9 மணி நேரம். கையில் 14 வாரம் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுவது எப்படி? மேடே இல்லாத சென்னையில் மலைக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? ரோடு ஷூ போதுமா?

மேடுபள்ளம்:
கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது டிரெயில்காரர்கள் வழக்கம். உங்களுக்கு 42 + 18 = 60. உங்கள் ரோடு வேகம் கிலோமீட்டருக்கு சுமார் 6 நிமிடம், ஆக 6 மணி நேரம். வேர், கல், சேறு, முதல் அனுபவம் எல்லாம் சேர்த்து 7 முதல் 7½ மணி நேரம் என்று வையுங்கள். இறுதி கட்-ஆஃப் பயமில்லை. ஆனால் இடையில் உள்ள செக்பாயிண்ட் கட்-ஆஃப்களைப் பாருங்கள். பெரிய ஏற்றம் முதல் பாதியில் இருந்தால் அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

ஏற்றத்தில் நடப்பதில் வெட்கமே வேண்டாம். ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லையா, நடங்கள். செங்குத்தான இடத்தில் கைகளை முழங்காலுக்குச் சற்று மேலே ஊன்றி, சின்ன அடியாக வையுங்கள். அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் வாட்ச் காட்டும் பேஸ் (கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) தாறுமாறாக இருக்கும், அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பத்துமாடி:
சார், ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, அதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். பழக்கமில்லாத கால் 25 கி.மீ. தாண்டியதும் பிரேக் பிடிக்காது. அடுத்த இரண்டு நாள் கழிப்பறையில் உட்காரவே கைப்பிடி தேட வேண்டியிருக்கும்.

சென்னையில் வழி, அடுக்குமாடிப் படிக்கட்டு. ஒரு மாடி சுமார் 3 மீட்டர், பத்து மாடி 30 மீட்டர். 8 சுற்றில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு சுற்று கூட்டி 20 வரை போங்கள், அது 600 மீட்டர். இறங்க லிஃப்டில் ஏறிவிட்டால் பாதிப் பயிற்சி போச்சு. இறக்கத்துக்கு ஒருமுறை பழகிய தசைக்குச் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு நீடிக்கும் என்பதால், கடைசி கடினமான இறக்கம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை ஏலகிரி போக முடிந்தால் நல்லது. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. ஆனால் அது தார். கல்லில் கால் வைக்கும் பழக்கம் அங்கே வராது, மேலே உள்ள மண்பாதையிலும் ஒரு மணி நேரம் சேருங்கள். இறங்கும்போது பின்னால் சாயாமல், அடிகளைக் குறுக்கி, நாலைந்து அடி முன்னால் பார்த்து ஓட வேண்டும்.

உப்புத்தண்ணீர்:
சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே! ஏழு மணி நேரத்துக்கு வெறும் தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும் போதாது. 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உங்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓட்டக்காரர்கள் பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒன்றில் சுமார் 25 கிராம் வரும். கடலை மிட்டாயைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் மெல்ல முடியாது, கொழுப்பு வயிற்றிலேயே தங்கும்.

தாகம் இல்லாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். விரல் மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல் எல்லாம் வந்தால் இன்னும் தண்ணீர் ஊற்றாமல் மருத்துவக் குழுவைப் பாருங்கள்.

அடையாறு ஓட்டம்:
அருமை, நன்றி. ஷூவும் கைத்தடியும்? அப்புறம் அங்கே ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்குமாமே?

மேடுபள்ளம்:
ஈரச் செம்மண்ணில் ரோடு ஷூ வழுக்கும். அடிப்பாகத்தில் 4–5 மி.மீ. ஆழமுள்ள பற்கள் இருக்கட்டும், முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்து விழும். இறங்கும் முன் மேல்துளை இரண்டையும் பயன்படுத்திக் குதிகால் நகராதபடி லேஸை இறுக்குங்கள். கைத்தடி 1,800 மீட்டருக்குக் கட்டாயமில்லை, பழகாமல் கொண்டுபோனால் இடைஞ்சல்தான்.

பத்துமாடி:
தடி விஷயத்தில் உடன்பாடில்லை. தொடை பலம் குறைந்தவர்களுக்கு இரண்டாம் பாதியில் அது பெரிய உதவி. 14 வாரம் இருக்கிறதே, தடியைப் படிக்கட்டில் வேண்டாம், மண்மேட்டில் பழகட்டும்.

அட்டை மழைக்காலம் முடிந்த ஈரத்திலும் இருக்கும். பிடித்து இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்த்தினால் வாய் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தம் உறைவதைத் தடுப்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். நின்றால்தான் அதிகம் ஏறும், எனவே லேஸ் கட்ட உட்காருவதாக இருந்தால் புல்லை விட்டுக் கல்லைத் தேடுங்கள்.