கிளாஸ் டயக்ராமிலேயே சிக்கல் இருந்தால் கோடிங்கில் சரியாகிவிடுமா?

கேள்வி:
புது ஆர்டர் மாட்யூலுக்கு டிசைன் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கோடிங். கிளாஸ் டயக்ராமில் (நிரலின் பகுதிகளான கிளாஸ்களையும், எது எதைச் சார்ந்தது என்பதை அம்புகளாலும் காட்டும் படம்) 'ஆர்டர்' கிளாஸிலிருந்து மட்டும் 11 கிளாஸ்களுக்கு அம்புக்குறி போகிறது. அதில் 'பேமென்ட்' கிளாஸோடு இரண்டு பக்கமும் அம்பு. எனக்கு உறுத்துகிறது. டீம் லீட், "படம்தானே, எழுதும்போது பிரித்துக்கொள்ளலாம்" என்கிறார். அப்படிப் பிரித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பதில் 1:
எனக்குப் பிரிக்க முடியாமல் போன அனுபவம்தான் உண்டு. பில்லிங் வேலை ஒன்றில் 'இன்வாய்ஸ்' கிளாஸ் இப்படித்தான் நடுவில் உட்கார்ந்திருந்தது. நாங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் விட்டோம். முதல் வாரமே ஆளுக்கு ஒரு கிளாஸ் என்று பங்கு போட்டாயிற்று. அன்றோடு அந்த அம்புகள் ஒவ்வொன்றும் ஒரு இம்போர்ட் வரியாக (மற்ற கிளாஸை உள்ளே இழுக்கும் வரி), கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) ஒரு பாராமீட்டராக உறைந்துவிட்டன. பில்லின் வரியை (டாக்ஸ்) கணக்கிடும் ஒரே ஒரு மெத்தடுக்கு (கிளாஸுக்குள் ஒரு வேலையைச் செய்யும் துண்டு) யூனிட் டெஸ்ட், அதாவது அதை மட்டும் தனியே சோதிக்கும் நிரல், எழுத உட்கார்ந்தேன். 6 மாக் ஆப்ஜெக்ட் (நிஜ கிளாஸ்களுக்குப் பதிலான டம்மிகள்) செய்த பிறகுதான் முதல் அசெர்ட் வரிக்கே, அதாவது விடையைச் சரிபார்க்கும் வரிக்கே, வர முடிந்தது. ரவுண்டிங் விதி மாறியபோது 7 ஃபைலில் கை வைத்தோம். அதில் ஒன்றை மறந்து, தவறான தொகையோடு பில் போய்விட்டது.

நீங்கள் எண்ணிய அந்த 11 ஏற்கெனவே பெயருள்ள ஓர் அளவுதான். சிதம்பர், கெமரர் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட, கிளாஸ் டிசைனை அளக்கும் 6 அளவுகளில் ஒன்று, கிளாஸ்களுக்கு இடையிலான கப்ளிங் (ஒரு கிளாஸ் எத்தனை கிளாஸ்களோடு பிணைந்திருக்கிறது என்பது). இன்ஹெரிட்டன்ஸ் ஆழத்தையும் (ஒரு கிளாஸுக்கு மேலே எத்தனை தலைமுறை தாய் கிளாஸ்கள் என்பது) படத்திலேயே எண்ணிவிடலாம். மெக்கேப் என்பவர் 1976-இல் சொன்ன சைக்ளோமேட்டிக் எண்ணுக்கு (நிரலில் எத்தனை தனித்தனி பாதைகள் என்று சொல்லும் எண்) மட்டும் மெத்தடின் உள்பக்கம் வேண்டும், அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பேமென்ட் அம்பை இப்போதே ஒருவழியாக்குங்கள். இன்றைக்கு அது ஒரு அழிப்பான் வேலை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய கிளாஸில் எல்லா எண்ணும் பெரிதாகத்தான் வரும். பிழை வருவது கப்ளிங்காலா, கிளாஸ் பெரிதாக இருப்பதாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, படத்தை அழகாக்குவதற்காக நிஜமான சிக்கலை மறைக்காதீர்கள். ஆர்டருக்கு உண்மையில் 9 நிலைகள் இருந்தால் ஸ்டேட் டயக்ராமில் (நிலைகளையும் அவை மாறும் விதத்தையும் காட்டும் படம்) 9-ஐயும் வரையுங்கள். எங்கள் டீமில் 4 என்று சுருக்கி வரைந்தார்கள். மிச்சம் 5-ம் பூலியன் ஃபிளாக்குகளாக (ஆம்/இல்லை என்று மட்டும் வைக்கும் குறிகள்) நிரலுக்குள் புகுந்தன. 'ரத்து' ஆன ஆர்டரே 'அனுப்பியாயிற்று' என்றும் காட்டியது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பேமென்ட் இனி ஆர்டர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும், ஆர்டர் கிளாஸை அதற்குத் தெரியாது. லீடிடம் அந்த 6 மாக் கதையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். விலைக் கணக்கைத் தனியே எடுத்ததில் 11, 7 ஆகிவிட்டது. நிலைகளை எண்ணினோம்: நாங்கள் வரைந்தது 5, பேசிப் பார்த்தால் 8 வருகிறது. நாளை அதைத்தான் திரும்ப வரையப் போகிறோம்.